லயத்து அடுப்பில் வெந்த இனிப்பு ரொட்டி



மாரிக்காலத்து வைகறை ஒன்றை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். வடகீழ்ப் பருவக்காற்று கொண்டுவந்த மழை இரவு முழுவதும் பெய்து அப்பொழுதுதான் ஓய்ந்திருக்கிறது. பசறையிலிருந்து மடுல்சீமைக்கு ஏறிவரும் பாதை மூடுபனியில் மறைந்து கிடக்கிறது. லயத்தின் காம்பராக்களில் ஒவ்வொன்றாக விளக்கு எரியத் தொடங்குகிறது. கவ்வாத்து வெட்டியபோது சேர்த்துவைத்த தேயிலை மிளாறு அடுப்பில் படபடவென்று எரிகிறது. ஒரு தாய் மாவைப் பிசைந்து, உருட்டி, உள்ளங்கையால் தட்டுகிறாள். தேங்காயும் சர்க்கரையும் சூடேறும் மணம் இஸ்தோப்பைக் கடந்து அடுத்த காம்பராவுக்கும் செல்கிறது. இன்னும் சிறிது நேரத்தில் அவள் பிரட்டுக்களத்தில் நிற்கவேண்டும். அதற்குள் பிள்ளைகள் உண்ணவேண்டும். அவளுக்கும் மலைக்குக் கொண்டுபோக இரண்டு ரொட்டி வேண்டும்.

இந்த ரொட்டியைப் பற்றியே இன்று உங்களுடன் பேச வந்திருக்கிறேன். ‘ரொட்டிக்கும் ஒரு வரலாறா?’ என்று நீங்கள் நகைக்கலாம். அரசர்கள் பொருத போர்களும் அவர்கள் எழுப்பிய கோட்டைகளும் மட்டுமே வரலாறு என்று கொண்டால், இதற்கு அங்கே இடமில்லைதான். ஆனால் ஒரு மக்கட்கூட்டம் காலையில் எதை உண்டு வேலைக்குப் புறப்பட்டது, அந்த உணவு எங்கிருந்து வந்தது, யார் அளந்து கொடுத்தார்கள், எப்போது அளவு குறைந்தது என்று கேட்கத் தொடங்கினால், மலைநாட்டுத் தமிழரின் ஏறக்குறைய இருநூறு ஆண்டு வாழ்வு அந்த ஒரு ரொட்டியின்மேலேயே எழுதப்பட்டிருக்கக் காணலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். கோதுமை நம் மக்களின் பழைய தானியமன்று. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள் கம்பும் கேழ்வரகும் சோளமும் உண்டு வளர்ந்தவர்கள். நெற்சோறு அவர்களுட் பலருக்குத் திருநாள் உணவாகவே இருந்தது. கேழ்வரகு மாவிற் கருப்பட்டியைக் கரைத்து ஊற்றிப் பிசைந்து, கல்லில் தட்டிச் சுடும் இனிப்பு அடை மட்டும் அவர்கள் வீடுகளில் நெடுங்காலமாக இருந்துவந்தது. இன்று நாம் பேசும் இனிப்பு ரொட்டியின் பாட்டி அந்த அடைதான் எனலாம். தானியம் மாறியது, தட்டிய கையின் பழக்கம் மாறவில்லை.

1830-களிலும் 1840-களிலும் கண்டிச் சீமையில் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது, மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்த கூட்டங்களில் எத்தனையோ பேர் நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டார்கள். உயிரோடு வந்து சேர்ந்தவர்களுக்குத் தோட்டத்தில் கிடைத்தது இறக்குமதி அரிசி. பொதி சுமக்கும் மாடுகளின் வரிசைகளும், பிற்காலத்தில் மாட்டுவண்டிகளும் அந்த அரிசியை மலைக்கு ஏற்றின. அரிசியும் கம்பளியும் தொழிலாளியின் பேரில் பற்றெழுதப்பட்டுக் கூலியிற் கழிக்கப்பட்டன. பசிக்கு அரிசி கிடைத்தது உண்மை. அந்த அரிசியே கடனுக்குக் கணக்காகவும் ஆயிற்று என்பதும் உண்மை.

இங்கே மடுல்சீமையின் பெயர் உலக வேளாண்மை வரலாற்றில் இடம்பெற்ற ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடாமல் செல்ல இயலாது. 1869-ஆம் ஆண்டு மடுல்சீமைப் பகுதிக் கோப்பித் தோட்டத்தில் இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருக்கக் கண்டார்கள். பின்னர் ‘ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ என்று பெயரிடப்பட்ட கோப்பி இலைத்துரு நோய் இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இங்கேதான். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பிச் செல்வத்தை அந்தத் தூள் அழித்துவிட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 1867-இல், ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரைத் தோட்டத்தில் பயிரிட்ட தேயிலை அந்த வெற்றிடத்தை நிரப்பிற்று.

கோப்பி போய்த் தேயிலை வந்ததற்கும் காலையுணவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பெருந்தொடர்பு உண்டு. கோப்பிக்குப் பழம் பறிக்கும் காலம் என்று ஒரு காலம் இருந்தது. அது முடிந்தால் பலர் ஊர் திரும்பினார்கள். தேயிலையோ ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. கொழுந்து சில நாட்களுக்கு ஒருமுறை பறிக்கப்பட்டே ஆகவேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக மக்கள் லயங்களில் நிலைத்தார்கள். பெண்களின் விரல்களே தேயிலைத் தொழிலின் ஆதாரம் ஆயின. விடியற்காலையில் தப்பு முழங்கியதும் பிரட்டுக்களத்திற்கு ஓடவேண்டிய பெண்ணே வீட்டின் சமையற்காரியாகவும் இருந்தாள். சோறு வடித்துக் கறி சமைக்க இரண்டு அடுப்பும் நெடுநேரமும் தேவை. அவளிடம் இருந்ததோ ஓர் அடுப்பும் சிறிது நேரமுமே. ரொட்டிக்கான தேவை இவ்வாறு காத்திருந்தது. மாவுதான் இன்னும் வரவில்லை.

1927-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இந்தியத் தொழிலாளருக்குக் கூலியை வரையறுத்ததோடு, தோட்டத்தில் வழங்கும் அரிசிக்கும் ஒழுங்கு செய்தது. 1924-ஆம் ஆண்டிலேயே புகைவண்டி பதுளைக்கு வந்துவிட்டமையால், அரிசி மூட்டைகள் கொழும்பிலிருந்து பதுளைவரை இரயிலிலும், அங்கிருந்து பசறை வழியாக மலைத்தோட்டங்களுக்கு வேறு வண்டிகளிலும் வந்தன. அக்காலத்தில் கோதுமையப்பம், அதாவது நாம் பாண் என்று வழங்குவது, துரை பங்களாவிலும் பட்டணத்துக் கடையிலுமே காணப்பட்டது. பாண் என்னும் சொல் போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது. பாண் சுடப் போறணை வேண்டும். பத்தடிக் காம்பராவில் போறணை கட்ட யாரால் இயலும்?

மாவு வந்த கதை போரின் கதையாகும். இலங்கை உண்ட அரிசியிற் பெரும்பகுதி அன்று பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1942-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஜப்பானியப் படை இரங்கூனைக் கைப்பற்றியது. அடுத்த மாதம் 5-ஆம் நாள் கொழும்பின்மேலும், 9-ஆம் நாள் திருகோணமலையின்மேலும் குண்டுகள் விழுந்தன. அரிசிக் கப்பல்கள் நின்றன. நாடெங்கும் பங்கீட்டு முறை வந்தது. அரிசியின் அளவு சுருங்கச் சுருங்க, அந்தக் குறையை நிரப்ப அவுஸ்திரேலியா முதலிய நாடுகளின் கோதுமை மா இறக்கப்பட்டது. தோட்டத்துக் களஞ்சியத்தில் அரிசி மூட்டையின் அருகே மா மூட்டையும் அடுக்கப்பட்டது.

முதலில் அந்த வெள்ளை மாவை மக்கள் விரும்பி ஏற்றார்கள் என்று சொல்ல இயலாது. சோற்றுக்குப் பழகிய வயிற்றுக்கு அது அந்நியம். ஆனால் தாய்மார் அதைத் தமக்குத் தெரிந்த வழியிலேயே பழக்கினார்கள். கேழ்வரகு அடை தட்டிய கை கோதுமை மாவைத் தட்டிற்று. சுற்றியுள்ள ஊவாக் கிராமங்களில் சிங்கள மக்கள் குரக்கன் மாவிலும் பிற மாவிலும் தேங்காய்த் துருவல் கலந்து ‘பொல் ரொட்டி’ சுட்டு உண்டார்கள். அந்த அயல்வீட்டு வழக்கமும் இவர்கள் கையில் வந்து கலந்தது. இவ்வாறு தென்னிந்தியக் கரிசல் மண்ணின் அடை, ஈழத்துக் கிராமத்தின் தேங்காய், கடலுக்கு அப்பாலிருந்து கப்பலேறிய கோதுமை ஆகிய மூன்றும் ஒரே கல்லின்மேல் சேர்ந்து வெந்தன. மலைநாட்டுத் தமிழரின் ரொட்டி பிறந்தது.

இன்னுமொரு புதுமையை நோக்குங்கள். அந்த ரொட்டியில் பால் இல்லை, வெண்ணெய் இல்லை, நெய்யும் முட்டையும் இல்லை. இங்கிலாந்தில் 1944-ஆம் ஆண்டு, அதே போர்க்காலத்தில், உயிரினங்களிடமிருந்து பெறும் எப்பொருளையும் உண்ணாமல் வாழ்வது என்ற கொள்கையோடு ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. இன்று உலகெங்கும் அக்கொள்கையினர் பெருகி, பாலும் முட்டையும் கலவாத காலைப் பண்டங்களைச் செய்யும் வழிகளைத் தேடுகின்றனர். மடுல்சீமை லயத்துத் தாய்க்கு அத்தேடல் தேவைப்படவில்லை. அவளுடைய ரொட்டி அத்தகையதாக அமைந்தது கொள்கையினால் அன்று, இல்லாமையினால். இந்த வேறுபாட்டை நாம் மறக்கலாகாது. விரும்பித் துறப்பது வேறு. கிடைக்காமல் இருப்பது வேறு. ஆயினும் கிடைக்காத இடத்தில் சுவையான ஒன்றை ஆக்கிக் காட்டிய அறிவைப் பாராட்டாமல் இருப்பதும் நன்றன்று.

சரி, நேயர்களே, வரலாற்றைச் சற்று நிறுத்திவிட்டு அடுப்பங்கரைக்குச் செல்வோம். நான்கு பேருக்கு எட்டு ரொட்டி சுட 500 கிராம் கோதுமை மா வேண்டும். அரைமூடித் தேங்காயின் துருவல், 100 கிராம் சர்க்கரை அல்லது கித்துள் கருப்பட்டி, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு குவளை வெந்நீர் ஆகியவையும் வேண்டும். சர்க்கரை என்று நான் சொல்வது வெல்லத்தை. அது இல்லாத வீட்டில் சீனியும் போதும். கருப்பட்டியைத் தட்டி வெந்நீரிற் கரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். மண்ணும் தும்பும் நீங்கிவிடும். மாவோடு உப்பையும் தேங்காய்ப்பூவையும் சேர்த்து, நீர் விடுமுன்னரே விரல் நுனியால் நன்றாகப் பிசறுங்கள்.

இந்தப் பிசறுதலில்தான் சூட்சுமம் இருக்கிறது. கோதுமை மாவில் ஒருவகைப் பசைப்புரதம் உண்டு. நீர் பட்டு அழுத்திப் பிசையப் பிசைய அது இழுவைத்தன்மை பெறும். பாணுக்கு அந்த இழுவை வேண்டும். நம் ரொட்டிக்கு அது மிகுந்தால் தோல்போல் ஆகிவிடும். தேங்காயின் கொழுப்பு மாவைச் சுற்றிப் படிந்து அந்த இழுவையைத் தடுக்கிறது. நெய்யும் வெண்ணெயும் செய்யும் வேலையைத் தேங்காயே செய்துவிடுகிறது என்பது இதனால் விளங்கும். பிறகு இளஞ்சூடான கருப்பட்டி நீரைச் சிறிது சிறிதாக விட்டு, கையில் ஒட்டாத பதத்தில் மாவைக் கூட்டி, ஈரத்துணியால் மூடி அரைமணி நேரம் விடுங்கள். குவளை நீர் முழுவதும் செல்லாவிட்டாலும் கவலையில்லை.

எட்டு உருண்டைகளாக்கி, வாழையிலைத் துண்டின்மேல் வைத்து, சிறுவிரற் பருமனில் பாதியளவு கனத்திற்குக் கையால் தட்டுங்கள். உருட்டுக்கட்டை வேண்டுவதில்லை. கல் சூடேறியபின் தீயைத் தணித்துவிடவேண்டும். இனிப்புள்ள மாவு விரைவிற் கருகும். மிளாறு சட்டென்று எரிந்து அடங்கிவிடும் விறகு. ஆகவே அனுபவமுள்ளவர்கள் முதல் எரி அடங்கியபின், கனத்த கட்டையின் தணலில்தான் இனிப்பு ரொட்டியை இடுவார்கள். அப்பம் சுடுவதுபோல மூடியின்மேலும் சிறிது தணல் பரப்பினால், மேலிருந்தும் கீழிருந்தும் வெப்பம் சேர்ந்து, சாதாரணக் கல்லும் சட்டியுமே ஒரு சிறு போறணை ஆகிவிடும். பக்கத்திற்கு நான்கைந்து நிமிடம் போதும். மேலே பொன்னிறப் புள்ளிகள் தோன்றி, நடுவில் அழுத்தினால் மீண்டெழும்போது ரொட்டி வெந்துவிட்டது என்று அறியலாம். வாயு அடுப்பு உள்ள வீடுகளில் கனத்த அடியுள்ள சட்டியும் இறுக்கமான மூடியும் அதே பயனைத் தரும்.

இந்த ரொட்டி ஆறினாலும் கெடாது. துணியில் முடிந்து கொழுந்துக் கூடையோடு மலைக்குக் கொண்டுபோகலாம். மழையில் நின்று ஒரு கையால் உண்ணலாம். உறைப்பு விரும்புவோர் சர்க்கரையை விட்டுச் சம்பலோடு உண்பர். நாட்பட நாட்பட உறைப்பு ரொட்டியே அன்றாட உணவாயிற்று. இனிப்பு ரொட்டி, கூலி வாங்கிய மறுநாளுக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திற்குப் புறப்படும் நாளுக்கும் உரியதாயிற்று. சர்க்கரை வாங்கக் காசு வேண்டுமல்லவா? லயத்தில் இனிப்பு ரொட்டியின் மணம் எழுந்தால், அன்று அந்த வீட்டில் சிறிது காசு இருக்கிறது என்று பொருள்.

மீண்டும் வரலாற்றுக்கு வருவோம். 1948-ஆம் ஆண்டு நாடு சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. 1953-இல் அரிசி மானியம் வெட்டப்பட்டு ஒரு கொத்தின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தபோது, ஆகஸ்டு 12-ஆம் நாள் நாடே ஹர்த்தாலில் எழுந்தது. 1954-ஆம் ஆண்டின் அமெரிக்கப் பொதுச்சட்டம் 480-இன் கீழ் உபரிக் கோதுமை உலகின் பல நாடுகளுக்குச் செல்லத் தொடங்கியது. இலங்கையும் அவற்றுள் ஒன்று. 1966-ஆம் ஆண்டு டிசம்பரில் பங்கீட்டு அரிசி இரண்டு கொத்திலிருந்து ஒரு கொத்தாகக் குறைந்தது. அரிசி குறையும்போதெல்லாம் லயத்தில் மாவின் பங்கு கூடிற்று. போருக்காக வந்த விருந்தாளி வீட்டுக்காரனாகவே ஆகிவிட்டான்.

அந்த வீட்டுக்காரனும் கைவிட்ட காலம் ஒன்று வந்தது. 1973, 1974-ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஒருங்கே ஏறின. அரிசி, மா, சீனி மூன்றும் அரிதாயின. சிறுநிலம் உள்ள கிராமத்தான் மரவள்ளியாவது நட்டு உண்டான். நிலமென்று ஒரு முழமும் இல்லாத தோட்டத் தொழிலாளி என்ன செய்வான்? கீரையையும் கிழங்கையும் தேடி அலைந்தார்கள். தோட்டங்களில் இறப்பு வீதம் உயர்ந்தது. பல குடும்பங்கள் மலையை விட்டு வன்னிக்கு இறங்கின. அந்நாட்களில் இனிப்பு ரொட்டியை நினைத்தவர் யார்? ஒரு ரொட்டியை நான்காகக் கிழித்த காலம் அது. அதைக் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். மாவு சிந்தினால் அதைக் கூட்டி எடுக்கும் முதியவர்களைக் கண்டு இளையோர் நகைப்பதுண்டு. நகைப்பவர்கள் இந்த ஆண்டுகளை அறிந்திருந்தால் நகைக்கமாட்டார்கள்.

1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் செய்யப்பட்ட ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. 1,50,000 பேரின் நிலை பின்னர் பேசப்படுவதாக விடப்பட்டது. அவ்வாறு தாயகம் திரும்பியோரிற் பலர் நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களில் குடியேறி மீண்டும் தேயிலையையே பறித்தனர். பாட்டன் கேழ்வரகு அடையோடு கடலைக் கடந்து வந்தான். பேரன் தேங்காய் ரொட்டியோடு கடலைக் கடந்து போனான்.

1980-ஆம் ஆண்டு முதல் திருகோணமலையில் பெரிய மாவாலை இயங்கலாயிற்று. ஆனால் கோதுமை மணி இன்றும் கடல் கடந்தே வருகிறது. நம் நாட்டு மண்ணில் அது விளைவதில்லை. இதன் பொருளை 2022-ஆம் ஆண்டு நமக்கு நன்றாகக் கற்பித்தது. அந்நியச் செலாவணி வற்றியது. உக்ரேனில் போர் மூண்டது. மாவின் விலை பல மடங்கு ஏறிற்று. தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி அதற்கு முந்திய ஆண்டில்தான், நெடுங்காலப் போராட்டத்திற்குப் பின், 1,000 ரூபாயாக்கப்பட்டிருந்தது. 1942-இல் இரங்கூன் வீழ்ந்தபோது மடுல்சீமை அடுப்பில் அரிசி மறைந்தது. எண்பது ஆண்டுகள் கழித்துக் கருங்கடற் கரையில் குண்டு விழுந்தபோது அதே அடுப்பில் ரொட்டி சிறுத்தது. மலையுச்சியில் இருப்பதால் உலகத்திலிருந்து ஒதுங்கியிருக்கிறோம் என்று யாரும் எண்ணவேண்டாம்.

ரொட்டியின் புகழைப் பாடிவிட்டு அதன் குறையை மறைப்பது நேர்மையாகாது. நாம் சொன்ன கணக்கில் ஓர் இனிப்பு ரொட்டி ஏறக்குறைய 330 கலோரி தரும். மலையேறுவதற்கு அது நல்ல பலம். ஆனால் தீட்டிய வெள்ளை மாவில் இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைவு. உணவோடு சேர்த்துச் சாயத் தேநீர் பருகினால், இருக்கும் இரும்புச்சத்தையும் உடல் ஏற்பது குறைகிறது. பெண்களும் குழந்தைகளும் இரத்தச்சோகையால் வாடுவதற்கு இதுவும் ஒரு காரணம். பரிகாரம் கையெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. மாவில் மூன்றில் ஒரு பங்கிற்குக் குரக்கன் மாவைச் சேருங்கள். அது மடுல்சீமை மலையடிவாரத்து ஊவா மண்ணில் விளைவது, சுண்ணாம்புச்சத்து மிக்கது. ரொட்டியோடு அவித்த பாசிப்பயறு ஒரு கை கொடுங்கள். தேநீரை ஒருமணி நேரம் கழித்துப் பருகுங்கள். இப்படிச் செய்தால் கோதுமை பாதியில் குரக்கனைச் சந்திக்கும்; பேத்தியின் கல்லிற்குப் பாட்டியின் அடை திரும்பி வரும்.

தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் தம் உணவுப்பொதியை அவிழ்க்க வெட்கப்படுவதுண்டு. ‘ரொட்டிதானா?’ என்று பிறர் ஏளனம் செய்துவிடுவரோ என்ற அச்சம் அது. அப்பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இது: உன் கையிலிருக்கும் ரொட்டி ஏழ்மையின் அடையாளம் மட்டுமன்று. மூன்று நிலங்களின் அறிவு அதில் கலந்திருக்கிறது. இரண்டு போர்களையும் ஒரு பஞ்சத்தையும் அது கண்டிருக்கிறது. இருளில் எழுந்து அதைத் தட்டிய கைகள்தான், பகலெல்லாம் கொழுந்து பறித்து இந்நாட்டுக்குச் செல்வம் சேர்த்தன. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு யாரோ, நீ அல்லை.

நாளைக் காலை உங்கள் வீட்டு அடுப்பிலும் ஓர் இனிப்பு ரொட்டி வேகட்டும். அதைப் பிட்டு உண்ணும்போது, மடுல்சீமை மூடுபனியில் பிரட்டுக்களத்தை நோக்கி நடக்கும் ஒரு தாயையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.